சீட்டை இறக்கியிருக்கிறேன்

முருகன் துணை.

கண்ணு,

நீ போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். உன் மலை சைக்கிளை விற்றுவிடச் சொல்லியிருந்தாய். விற்பதற்கு முன் ஒருதரம் ஓட்டிப் பார்ப்போமென்று, உன் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு சஷ்டியன்று காலையில் மலைக்கோயிலுக்குக் கிளம்பினேன்.

கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனிக்குச் சைக்கிளில் போனவள்தான் நான். ஆனால் இது வேறு பிறவி. முன்சக்கரம் கல்மேல் ஏறியதைக் கண்தான் பார்த்தது, கைக்குத் தெரியவில்லை. பின்சக்கரமும் தன் பங்குக்கு, சீட்டுக்கடியில் இருக்கும் ஸ்பிரிங்கில் அமுங்கி எழுந்தது. எப்போதும் முணுமுணுக்கும் என் இடுப்பு வாயே திறக்கவில்லை. பிரேக்குக்கு ஒரு விரல் போதும். மேட்டில் மட்டும், மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தை அந்த ஸ்பிரிங் தின்றுவிடுகிறது. இறக்கம் வந்ததும் அதை மன்னித்துவிட்டேன். "முருகா!" என்று கத்தினேன். பயத்தில் இல்லை.

அடிவாரத்தில் பூ விற்கும் மருதம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏனுங்கக்கா, பையன் வண்டிங்களா?"

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். உன் மாமன் மகனுடையது என்று, உன்னை வைத்துக்கொண்டே சொன்னேன். அன்று பெங்களூர் பஸ் ஏறியவள்தான் நீ.

"இல்லீங்க, எம்பொண்ணு வண்டிங்க. இதுல அவ ஏறாத மலை இல்லீங்க."

"அப்பப் பொண்ணு எங்கீங்க?"

பூவை வாங்கிக்கொண்டு கோயில் படியேறிவிட்டேன்.

வண்டியை விற்கப்போவதில்லை. என் உயரத்துக்குச் சீட்டை இறக்கியிருக்கிறேன். நீ வந்து ஏற்றிக்கொள்.

உன் அம்மா