ஆயில் முள் ஏன் ஏறவில்லை

எழுந்ததும் இதைப் படியுங்கள், பல் அப்புறம் துலக்கலாம்.

என் தம்பி எஞ்சினைப் பிரிக்க வருகிறான். கூப்பிட்டுப் பார்த்தேன், போனை எடுக்கவில்லை. வண்டிக்கு அவன் புதிதாகக் கட்டிய எஞ்சினில், ஸ்டார்ட் செய்யும் முன் எண்ணெய் ஏற்ற நேற்று நீங்கள் டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றினீர்கள். பிரஷர் முள் அசையவில்லை. உடனே, "நட்டு முறுக்கத் தெரிஞ்சவனெல்லாம் மெக்கானிக்கா?" என்றீர்கள். "பிரிச்சுக் காட்டுறேன் மச்சான். அதோட இந்த வாசல் மிதிக்க மாட்டேன்" என்று சாப்பிடாமல் போனான்.

பம்பில் கோளாறே இல்லை. டிரில்தான் ரிவர்ஸில், தலைகீழாகச் சுற்றியது. அலமாரிக் கதவைக் கழற்றிய பிறகு நீங்கள்தான் சுவிட்சை மாற்றவில்லை. காலையில் நான் மாற்றிச் சுற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை; பிறகு டிரில் கையில் கனத்தது, முள் விறுவிறுவென்று ஏறி நின்றது. நம்பாவிட்டால் நீங்களே சுற்றிப் பாருங்கள். சரக்கைக் காட்டாமல் விற்கும் வீட்டில் நான் பிறக்கவில்லை.

அவனிடம் நீங்களே சொல்லுங்கள். "ஒயர் ஏதோ லூசா இருந்துச்சு" என்று சமாளிக்க வேண்டாம். இதில் பேரம் கிடையாது, பாதி மன்னிப்பு செல்லாது. நான் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், நஷ்டம் உங்களுக்கு.

இரண்டு பேருக்கும் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். முதலில் மன்னிப்பு, அப்புறம் தட்டு.

வண்டியை நீங்கள் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். முதல் ஸ்டார்ட் அவன் உரிமை.

இன்னொன்று. எஞ்சின் இருக்கும் ஷெட்டைப் பூட்டிவிட்டேன், சாவி உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவனால் எஞ்சினைத் தொட முடியாது.