மருந்தின் பெயர்

இறைவன் துணை
மார்ச் 3

அன்பு மகளுக்கு,

ஓட்டலின் தலைமை அலுவலகத்துக்கு மாறிப் போனதிலிருந்து உன் கடிதமே அபூர்வமாகிவிட்டது. இங்கே நூறு வருஷப் பங்களாவை ஓட்டலாக்கிய பிறகு, ரோஜாத் தோட்டம் பார்க்கவென்றே கார் காராக வந்து இறங்குகிறார்கள். அந்த ரோஜாவுக்கு மருந்தடிக்கிற உன் அப்பாவுக்குத்தான் பதினேழு நாளாக இருமல். நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்; மருந்தடித்த மறுநாளெல்லாம் மூச்சு இழுக்கிறது. டாக்டர், "என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தானேம்மா மாத்து மருந்து குடுக்க முடியும்?" என்கிறார். தோட்டத்துக்கு அது பெயர் ஒட்டாத வெள்ளைக் கேனில்தான் வருகிறது. வாங்கிய காகிதம் உங்கள் ஆபீசில் இருக்குமே, பார்த்து எழுது.

அம்மா

மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். அந்த விவரமெல்லாம் வெளியே தரக் கூடாதம்மா. விருந்தினர் காதுக்குப் போனால் ஓட்டல் பெயர் கெடும். விருந்தினர் கவனிப்புக்கு நான் அதிகாரியாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. பழக்கூடை அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்கு எப்போதுமே சளி உடம்புதானே.

உங்கள் மகள்

இறைவன் துணை
மார்ச் 16

அன்பு மகளுக்கு,

பழம் வந்தது. அவரால் விழுங்க முடியவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்தேன். சளி உடம்பு என்று எழுதியிருந்தாய். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அவர் தும்மிக்கூடப் பார்த்ததில்லை.

நேற்று, அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்கிற வேலி வெட்டுகிறவர் பார்க்க வந்தார். "முகத்த மூடிக்கிட்டு மருந்தடிச்சா ஜன்னல்ல பாக்குற விருந்தாளிங்க பயப்படுறாங்க, யாரும் மூடக் கூடாதுன்னு உங்க பொண்ணு உத்தரவு போட்டுச்சே அண்ணி, நாங்க எங்க கேட்டோம்? மேஸ்திரி தலை மறைஞ்சதும் துண்டக் கட்டிக்குவோம். அண்ணன்தான் கட்டமாட்டேன்னுட்டாரு. 'எம்பொண்ணு சொன்னத நானே மீறுனா அவ மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவா'ன்னாரு. பொண்ணுக்குப் பயந்த அப்பன்னு நாங்ககூட கிண்டல் பண்ணினோம்" என்றார்.

உன் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இத அவளுக்கு எழுதாத" என்றார். எழுதிவிட்டேன். சாமிக்கும் உனக்கும் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. பெயரை அனுப்பு, கண்ணு.

அம்மா

மார்ச் 25

அம்மா,

பெயரைத் தனிச் சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நான் கொடுத்ததாக யாரிடமும் சொல்லாதீர்கள். டாக்டரிடம் வாயால் சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். அப்பா எப்படி இருக்கிறார்?

மகள்

இறைவன் துணை
ஏப்ரல் 2

மகளுக்கு,

அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைக்க வந்து, நீ திரும்பிய மறுநாள் உன் சீட்டு தபாலில் வந்தது. இரண்டு நாள் இந்த வீட்டில் இருந்தாய். அதைத் தபாலில் போட்டிருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் கிழிக்கவில்லை. டாக்டர் கையில் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டார். மகள் என்றேன். வேலி வெட்டுகிறவருக்கும் இருமல் ஆரம்பித்திருக்கிறது. அவருக்கு மாற்று மருந்து தொடங்கியாயிற்று.

உன் அப்பா இடத்தில் புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். சொன்ன சொல் தட்டாத மனிதராம். வெறும் முகத்தோடுதான் மருந்தடிக்கிறாராம்.

கும்பிடும்போது உன்னையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன், அதை விடமாட்டேன். நீ போட்ட உத்தரவை நீயே எடுத்துவிடு. எடுத்த பிறகு வீட்டுக்கு வா. அதுவரை வராதே.

அம்மா