தண்டவாளப் படமும் பல்பு அலமாரியும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை, ஈரத் துப்பட்டாவோடு பள்ளி ஆபீஸுக்கு. ஹெச்.எம். லீவு, நிம்மதி. பக்ரீத் கறி ஃப்ரிட்ஜில் மிச்சம், மீன் வாங்கவில்லை.

மத்தியானம் ஃபோனில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். இன்னும் விற்கவில்லை! மரப்பலகையில், தேன்மெழுகில் நிறம் கலந்து தீட்டியது. காய்ந்த வயல், நடுவே ரயில் தண்டவாளம், அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆள் இல்லை, கடல் இல்லை. தீவில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் படம் எதற்கு? எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் கடல் வந்து வழியை மறிக்கிறது. எனக்கு முடியாத தரை வேண்டும், சுவரிலாவது.

ஆர்டர் போட்டால், “இந்த பின்கோடுக்கு அனுப்ப இயலாது.” தெரிந்த பதில்தான். குக்கர் வாங்கினாலும் இதே பாட்டு. விடவில்லை, வரைந்தவருக்கே மெசேஜ் போட்டேன். பெயர் மாலினி, கோயம்புத்தூர்.

ஜூன் 10, செவ்வாய்

மாலினி பதில்: “தபால்ல அனுப்பிடறேனுங்க. போர்ட் பிளேருக்கு என் படம் போறது இதுதான் முதல் தடவை.” பணம் அனுப்பியாயிற்று. விலையை இங்கே எழுதப் போவதில்லை. இந்த நோட்டை யாரும் படிக்க மாட்டார்கள், ஆனாலும்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். ஜங்லிகாட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சுவர் என்றால் புட்டி, பெயிண்ட், அதற்குமேல் யோசனை போகாது.

“படமா? ஃபோன்லயே தெரியுதே புள்ள, அதையே பாத்துக்கயேன்.”

“ஃபோனையா ஆணி அடிச்சு மாட்டுறது?”

“செவுரெல்லாம் சீலன், தொட்டா ஈரம். மாட்டுன ஒரு மாசத்துல பூஞ்சை புடிச்சு கராப் ஆயிரும்.”

சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். பற்றிக்கொண்டு வந்தது. எனக்கென்று நான் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். ஒரு குடை.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டது!!

பெட்டி மூலை நசுங்கல். உள்ளே தெர்மோகோல். அதற்குள் துணி. அதற்குள் படம், கீறல்கூட இல்லை. லேசாகத் தேன் வாசனை. கூடவே மாலினி கைப்பட எழுதிய கார்டு: “சூடு மட்டும் ஆகாது. மெழுகு இளகிவிடும்.” படித்துக் கைப்பையில் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

கட்டில்மேல் சாய்த்து வைத்திருந்தேன். இவர் வந்தார், நின்று பார்த்தார், கைகழுவப் போனார்.

ஜூன் 26, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

ஆபீஸ் விட்டு வந்தால் கட்டில்மேல் படம் இல்லை. பல்பு அலமாரியில் இருந்தது. மழைக்காலத்தில் இங்கே வீட்டுக்கு வீடு ஓர் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியும், அந்தச் சூட்டில் பூஞ்சை அண்டாமல் இருக்க. எங்கள் வீட்டில் அதில் இருப்பவை: நிலப் பத்திரம், மகளின் சான்றிதழ்கள், என் நிக்காஹ் புடவை. காலையில் இவர் படத்தையும் அதில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். பல்புக்கு நேரே.

மேல்பக்கம் இளகி வழிந்திருந்தது. தண்டவாளம் தூரத்தில் போய் மறைகிற இடமே இல்லை. வானமும் வயலும் ஒரே கூழ்.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

“பூஞ்சை புடிக்கக் கூடாதுன்னுதானே வச்சேன். அந்த அலமாரில நான் எதை வைப்பேன்னு உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. கார்டை எடுத்து நீட்டினேன். படித்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை, நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 27, வெள்ளி

மாலினிக்கு ஃபோட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “அழாதீங்க, மும்தாஜ். மெழுகுதானுங்க, திருப்பி சூடு காட்டினா சொன்னபடி கேக்கும். அனுப்பி வையுங்க, சரி பண்ணித் தர்றேன். இல்லீன்னா நீங்களே பண்ணலாம், நான் வீடியோல கூடவே இருக்கறேன்.”

அனுப்பினால் போக ஒரு கடல், வர ஒரு கடல், நடுவில் பருவமழை. நானே செய்வதா? மருதாணிக் கோனைத் தவிர எதையும் பிடித்த கை இல்லை இது.

பக்கத்தில் நின்ற இவர் மெதுவாக, “கடைல ஹீட் கன் இருக்கு. பழைய பெயிண்ட் உரிக்கிறது. லோல வச்சா பதமா சூடு காத்து வரும். நான் புடிச்சுக்கிறேன்.”

ஜூன் 29, ஞாயிறு

மழை விட்டது. சாப்பாட்டு மேஜையில் வேலை. இவர் கையில் ஹீட் கன், என் கையில் வெண்ணெய்க் கத்தி, தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்த ஃபோனில் மாலினி. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது.

“போதுமா?”

“இன்னும் கொஞ்சம் கிட்ட” என்றார் மாலினி.

“போதும் போதும், தள்ளுங்க!” என்றேன் நான்.

சிமெண்ட் மூட்டை தூக்குகிறவர், ஹீட் கன்னை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் கத்தியால் மெழுகை இழுத்தேன். இடது தண்டவாளம் லேசாகக் கோணிவிட்டது. “நேரா வரலைன்னா விடுங்க, நிஜத்துலயும் வளைஞ்சுதானுங்க போகும்” என்றார் மாலினி. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் போகிறது. தண்டவாளம் போகிறது!

ஜூலை 6, ஞாயிறு

ஹாலின் உள்சுவரில், ஈரம் இல்லாத இடமாகத் தடவித் தடவிப் பார்த்து இவரே ஆணி அடித்தார். மூன்று தடவை கழற்றி மாட்டினார், மட்டம் சரியில்லையாம்.

மத்தியானம் இவருடைய அக்கா, எங்கள் ராத்தா, பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி ஏறி வந்தார்கள். நெய்ச்சோறு, மீன் வறுவல். சாப்பிட்டதும் நான் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஹாலில் பேச்சு.

“இது என்னடா, வெறும் தண்டவாளம்? யாரு வரைஞ்சா?”

“கோயம்புத்தூர்ல ஒரு மேடம், ராத்தா. பெரிய ஆளு. கிட்ட வந்து பாருங்க. தூரத்துல தெரியுதுல்ல, அந்தக் கடைசி நாலு இஞ்ச், அது நம்ம மும்தாஜ் போட்டது.”

குழாயை மூடினேன், இன்னொரு தடவை சொல்வாரா என்று.

சொன்னார்.