கழுதைப்புலியின் முகம்

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கண்காட்சியில் அந்த வெண்கலக் கழுதைப்புலியைப் பார்த்தேன். என் மூக்கு, என் தொங்கின கன்னம், மச்சம்கூட விடவில்லை. "எங்க மச்சானை அப்படியே உரிச்சு வச்சிருக்கேன், பாருங்க!" என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்தீர்கள். தங்கச்சியும் சிரித்தாள். அதை விடுங்கள்.

"அச்சை உடைச்சாச்சு, இனி இன்னொண்ணு வார்க்கவே முடியாது" என்றும் பீற்றிக்கொண்டீர்கள். குழாய் வார்த்து விற்று முன்னுக்கு வந்த எனக்கு அது போதாதா?

வேறொருவர் பெயரில் சிலையை வாங்கியது நான்தான். என் பட்டறையில் உருக்கி, குழாய்களாக வார்த்து, அதே கண்காட்சிக் கூடத்தின் கழிப்பறைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன். அடுத்த கண்காட்சியன்று திருகிப் பாருங்கள், நன்றாகத் தண்ணீர் வரும்.

தங்கச்சி கேட்டால், அன்றைக்கு நானும் சிரித்தேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்