செக்யூர் பூட்டை நான்தான் போட்டேன்

அக்கா,

உன் லேப்டாப்பைத் திறந்தால் விசைகளின் இடுக்கிலிருந்து இன்னும் மிக்சர் வாசம் வருகிறது. திரைதான் நீலமாக நின்று நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கேட்கிறது. அது எங்கே இருக்கிறதென்று உனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகத்தான் செய்தேன். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியைப் போட்டால்தான் ஓடும் என்றது. அம்மா வேலையிலிருந்து வருவதற்குள், செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து லேப்டாப் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் அதைப் போட்டேன். அத்தோடு நிறுத்தவில்லை. வீடியோவில் செய்ததுபோலவே பாதுகாப்புச் சிப்பில் இருந்ததையும் அழித்தேன். அழிக்கலாமா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். டிஸ்கைத் திறக்கும் சாவி அந்தச் சிப்பில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிப் பார்த்தேன், திறக்கவில்லை.

"என்ன கேக்குதுன்னு படிச்சிட்டு அமுக்குடி, எரும" என்று எத்தனை முறை என் தலையில் குட்டியிருப்பாய்.

கேஸ் கொண்டுவருபவரை அம்மா திட்டுவதுபோல் நீ நடித்துக் காட்டினாயே, அந்த வீடியோவை அம்மா ஞாயிறுதோறும் இந்த லேப்டாப்பில்தான் பார்ப்பாள். நீ எங்களை விட்டுப் போன விபத்தில் உன் செல்போனும் நொறுங்கியதால் அது வேறெங்கும் இல்லை.

திருநகரில் போன மாதம் பேட்டரி மாற்றிய கடைக்கே எடுத்துப் போனோம்.

"நீ கை வச்ச பிறகுதான் தம்பி இப்படி ஆச்சு. எம் புள்ள அம்புட்டும் இதுலதான இருக்கு" என்றாள் அம்மா.

"பேட்டரி மட்டுந்தாங்க்கா மாத்துனேன்" என்ற கடைக்கார அண்ணன், என்னைப் பார்த்து, "பாப்பா, நீ எதுவும் மாத்துனியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "என் மேலயும் தப்பு இருக்கலாங்க்கா" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அம்மா கடை வாசலில் நின்று, வந்தவர்களிடமெல்லாம் இங்கே கொடுக்காதீர்கள் என்றாள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக் காலையில் அப்பா அவரிடம் சண்டைக்குப் போகிறார். வண்டியை எடுப்பதற்கு முன் சொல்லிவிடுவேன். அடி விழும், அதற்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதைவிட, கேட்டதும் அம்மாவின் முகம் எப்படி ஆகும் என்பதற்குத்தான் அதிகம் பயப்படுகிறேன்.

நீ எரும என்று கூப்பிடுவது எனக்கு இப்போதும் அப்படியே கேட்கிறது, அக்கா. உன் குரலை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று அம்மா போன வாரம்தான் அழுதாள்.