இரண்டு கையும் தெரியும் திரை

மார்ச் 4
டேப்லட் வாங்கலாமா என்று இன்றும் ஒருவர் கடைக்கு வந்து கேட்டார். வழக்கமான பதில்தான். "போன் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு. நடுவுல எதுக்கு சார் இந்த ரெண்டுங்கெட்டான்?" கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் மனைவியும் அதையே கேட்கிறாள். அவளுக்கும் அதே பதில். துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 9
சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்திருந்த அவள் போன் விழுந்து கண்ணாடி விரிசல். கத்தினேன். "கையில பிடிச்சுப் பேசினா என்ன குறைஞ்சு போச்சு?"

"என் தங்கச்சிகிட்ட ஒத்தக் கையால எப்படிங்க பேசறது?"

மச்சினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அக்காவும் தங்கையும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரிந்துமா—? போனைப் பிடித்தால் பாதி வாயைப் பொத்தின மாதிரி. தள்ளி வைத்தால் அந்தச் சின்னத் திரையில் விரல் தெரியாது. வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் சாயங்காலம் முழுக்க நான்தானே உட்கார்ந்திருக்கிறேன்! ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10
டேப்லட் வாங்கிவிட்டேன், ஸ்டாண்டோடு. முகம் பார்த்துக் கொடுக்க முடியவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 16
சமையலறையில் அக்காவும் தங்கையும் டேப்லட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாடி, என்ன வேகம்! மச்சினி அடிக்கடி உள்ளங்கையை விசிறினாள். என்ன அது என்று மனைவியிடம் கேட்டேன்.

"'வேண்டாம்'னு அர்த்தம்." தயங்கினாள். "அதுதாங்க உங்க பேரு. அவ எல்லாருக்கும் ஒரு பேரு வெச்சிருக்கா."

"எனக்கு எப்ப வெச்சா?"

"கல்யாணத்தன்னிக்கே. உங்ககிட்டப் பேச ஆசையா வந்தா. நீங்க வேண்டாம்னு கைய ஆட்டிட்டு என்னைக் கூப்பிட்டீங்க."

இத்தனை வருஷமா மாமியார் வீட்டுல என் பேரு இதுதானா?

மார்ச் 17
கடையில் ஒருவர் டேப்லட் பற்றிக் கேட்டார். யாருக்கு, எதற்கு என்று முதலில் கேட்டேன்.

ஏப்ரல் 6
மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். டேப்லட்டில் மச்சினி அழைத்தாள். எப்போதும் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். இன்று எடுத்தேன். என்னைப் பார்த்ததும் அவள் கண் என் பின்னால் அக்காவைத் தேடியது.

என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பிறகு உள்ளங்கையை விசிறி என் பெயரைச் சொன்னேன்.

வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்து, எனக்குப் புரிய வேண்டுமென்று மெதுவாக ஆரம்பித்தாள்.