இருமல் வராத ஞாயிறு

என் செல்ல மகனே,

நம் ஹனோவர் ராஜ்யத்தைப் பிரஷ்யா பிடுங்கிக்கொண்டதிலிருந்து நான்கு வருஷமாக, ஞாயிறு ஜெபத்தை நடத்தும்போது பிரஷ்ய ராஜாவின் பெயர் வந்தால் உன் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். சபையும் சேர்ந்து இருமும். நீயும் இருமியவன்தான்.

இன்று இருமல் வரவில்லை. அந்தப் பெயரை முழுதாகச் சொன்னார். பிரான்ஸில் அந்த ராஜாவின் படைக்கு ஜெயம் வேண்டும் என்றும் கேட்டார்.

மெத்தா எழுந்துவிட்டாள். அவள் மகனும் உன் அண்ணன் ஹார்மும் ஒரே நாளில் பிரஷ்யக் குண்டுபட்டு விழுந்தவர்கள்.

"போதகரய்யா, நம்ம பிள்ளைங்களக் கொன்னவங்களுக்கா ஜெயம் கேக்குறீங்க?"

"என் இன்னொரு பிள்ளையையும் அந்தப் பட்டாளத்துக்குத்தானே இழுத்துட்டுப் போயிருக்காங்க, மெத்தா."

அவள் வெளியே நடந்தாள். அவள் பின்னாலேயே எல்லோரும் போய்விட்டார்கள். ஆமென் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். சொல்லிவிட்டேன். ஹார்ம் என்ன நினைப்பானோ.

நீ உயிரோடு வந்தால் போதும். ஆனால் அந்தப் பட்டாள உடுப்போடு ஊருக்குள் வராதே. ஹார்மின் மேலங்கியை எடுத்துக்கொண்டு நான் ரயிலடிக்கு வருகிறேன். அதைப் போட்டுக்கொண்டு வா. உனக்கு அளவாக இருக்கும். அவன் வயது இப்போது உனக்கு.

உனக்காக ஆமென் சொன்ன,
அம்மா